நச்சுப் பொய்கையில் தோற்றவர் யார்?

மனிதன் எதிர்கொள்ளும் சோதனைகளை இரண்டாகப் பகுக்கலாம். விதி அறிவிக்கப்பட்ட சோதனை ஒன்று. விதி தெளிவாகச் சொல்லப்படாத சோதனை மற்றொன்று. பள்ளி மாணவன் எழுதும் தேர்வு முதல் வகையைச் சேர்ந்தது. எத்தனை வினா, எவ்வளவு நேரம், எத்தனை புள்ளி பெற்றால் தேர்ச்சி என்பனவற்றையெல்லாம் அவன் முன்கூட்டியே அறிவான். அதில் அவன் தோற்றால், அத்தோல்வியில் அவனுக்கு ஒரு பங்கு உண்டு என்று கூறுவதில் தவறில்லை.

இரண்டாம் வகை அத்தகையதன்று. பசித்து வந்தவன் முன் உணவை வைத்துவிட்டு, அவன் கைகழுவிவிட்டு உண்கிறானா என்று மறைந்து நின்று பார்ப்பது போன்றது அது. தான் சோதிக்கப்படுகிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் எது வெற்றி, எது தோல்வி என்பது விளங்காது. வாழ்க்கையில் நமக்கு நேரும் சோதனைகளுள் பெரும்பாலானவை இவ்வகையினவே. இத்தகைய சோதனையில் வீழ்ந்தவனைக் குற்றவாளி என்று கூறலாமா? சோதித்தவனுக்கு ஏதேனும் கடமை உண்டா? இவற்றைக் கதையாகக் கேட்டுத் தீர்ப்பளிக்கும் நமக்கு உள்ள பொறுப்பு யாது? இவ்வினாக்களை ஆராய நமக்கு நன்கு பழக்கமான ஒரு கதை துணைசெய்கிறது. அது மகாபாரதத்தின் ஆரணிய பருவத்து இறுதியில் வரும் நச்சுப் பொய்கைக் கதை.

கதையும் அதன் மௌனங்களும்

வனவாசத்தின் பன்னிரண்டு ஆண்டுகள் முடியும் தறுவாய். தீக்கடைகோலைக் கொம்பில் மாட்டிக்கொண்டு ஓடிய மானைத் துரத்திச் சென்ற பாண்டவர் ஐவரும் களைத்து, நீர் வேட்கையால் வாடி, ஓர் ஆலமர நிழலில் அமர்கின்றனர். நகுலன் மரத்தின்மேல் ஏறி நீர்நிலை இருக்கும் திசையைக் காண்கிறான். நீர் கொண்டுவர அவனே முதலில் செல்கிறான். பொய்கையில் இறங்கும்போது ஒரு குரல் கேட்கிறது. உருவம் தெரியவில்லை. இந்நீர் முன்னரே தனக்கு உரியதாகிவிட்டது என்றும், துணிந்து இறங்கவேண்டா என்றும், தன் வினாக்களுக்கு விடை கூறிய பின்னரே பருகலாம் என்றும் அக்குரல் கூறுகிறது. தாகம் மிக்க நகுலன் அதனைப் பொருட்படுத்தாமல் பருகுகிறான், வீழ்கிறான். சகாதேவனும் அவ்வாறே. அருச்சுனன் கண்ணுக்குத் தெரியாத குரலை நோக்கி அம்பு தொடுக்கிறான். பின் பருகி வீழ்கிறான். வீமனும் அவ்வழியே செல்கிறான்.

இறுதியாகத் தருமன் வருகிறான். வியாசர் கூறும் தருமனின் செயல்கள் ஊன்றி நோக்கத்தக்கவை. அவன் அழுகிறான், ஆனால் அழுகையோடு நின்றுவிடவில்லை. தம்பியர் உடலில் படைக்கலத்தால் நேர்ந்த காயம் இல்லை என்பதைக் காண்கிறான். பிறர் காலடி எதுவும் நிலத்தில் இல்லை என்பதைக் காண்கிறான். துரியோதனனின் சூழ்ச்சியால் நீரில் நஞ்சு கலந்திருக்குமோ என ஐயுறுகிறான். ஆயினும் தம்பியர் முகத்தின் நிறம் மாறவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறான். பின்னரே நீரில் இறங்குகிறான். குரல் எழுகிறது. நீ யார் என்று முதலில் வினவுபவன் சோதிக்கப்படும் தருமனே. பனைமரம் போன்ற பேருருவோடு இயக்கன் தோன்றுகிறான். உனக்கு உரியதை நான் விரும்பவில்லை என்று கூறிய தருமன், அறிந்த அளவில் விடை கூறுவதாக ஒப்புகிறான்.

வினாக்கள் பல. காற்றினும் விரைந்தது யாது, நிலத்தினும் கனமானது யாது, உலகில் மிகப் பெரிய வியப்பு யாது என்றெல்லாம் அவை விரிகின்றன. விடைகளால் மகிழ்ந்த இயக்கன், தம்பியர் நால்வருள் ஒருவன் மட்டும் உயிர்பெறுவான், யார் வேண்டும் என்று கேட்கிறான். போர் வரவிருக்கும் நேரம். வீமனையோ அருச்சுனனையோ கேட்பதே உலக வழக்கம். தருமன் நகுலனைக் கேட்கிறான். குந்தியின் மகனாகத் தான் உயிரோடு இருப்பதுபோல், மாத்திரிக்கும் ஒரு மகன் வேண்டும் என்பது அவன் கூறிய காரணம். இயக்கன் நால்வரையும் எழுப்புகிறான். தான் அறக்கடவுள் என்றும், தருமனின் தந்தை என்றும் வெளிப்படுத்திக்கொள்கிறான்.

கதை இவ்வளவே. ஆனால் கதை சொல்லாமல் விட்டவை பல. சோதனை எது? குரலுக்குக் கீழ்ப்படிவதா? வினாக்களுக்கு விடை கூறுவதா? ஒருவனைத் தேர்ந்தெடுத்ததா? வீழ்ந்தவர் உண்மையிலேயே இறந்தனரா, உறங்கினரா? தோற்றவர் நால்வர் என்பது நூலின் தீர்ப்பா, நம் தீர்ப்பா?

மூன்று விளக்கங்கள்

இக்கதைக்குப் பொதுவாக மூன்று விளக்கங்கள் தரப்படுகின்றன. முதலாவது, இது பணிவின் சோதனை என்பது. எச்சரிக்கையை மதியாத நால்வரும் செருக்கினால் அழிந்தனர், மதித்தவன் பிழைத்தான். குழந்தைகளுக்குக் கதை கூறுவோர் பெரும்பாலும் இவ்விளக்கத்தையே தருவர். இரண்டாவது, இது அறிவின் சோதனை என்பது. தருமன் கற்றவன்; ஆகவே வென்றான். மேடைகளில் சொற்பொழிவாளர் விரும்புவது இதுவே; வினாவும் விடையுமாக அடுக்கிச் சொல்ல இது வாய்ப்பானது. மூன்றாவது, இது நடுநிலையின் சோதனை என்பது. வினாவிடை முழுவதும் முன்னுரை. மாற்றாந்தாயின் மகனைக் கேட்ட அந்த ஒரு கணமே தேர்வு.

மூன்றுக்கும் நூலில் இடம் உண்டு. எனினும் முதல் விளக்கத்தை ஏற்குமுன் ஒரு செய்தியைக் கருத்தில் கொள்ளவேண்டும். நகுலனிடம் குரல் கூறியது தடை மட்டுமே. மீறினால் உயிர் போகும் என்று அவனிடம் கூறவில்லை. தருமனிடமோ நிலைமை வேறு. உன் தம்பியரை மாய்த்தவன் நானே, விடை கூறாவிடில் நீ ஐந்தாமவன் ஆவாய் என்று அவனிடம் வெளிப்படையாகவே கூறப்படுகிறது. மேலும் அவன் கண்முன் நான்கு உடல்கள் கிடந்தன. முதலில் வந்தவனுக்குத் தடை தெரியும், தண்டனை தெரியாது. இறுதியில் வந்தவனுக்கு இரண்டும் தெரியும். இருவருக்கும் நேர்ந்தது ஒரே சோதனை என்று எவ்வாறு கூறுவது?

ஈண்டு ஒரு மறுப்பு எழலாம். தண்டனை இன்னதென்று தெரியாவிடினும் தடை தெரிந்திருந்தது அல்லவா? பிறர் பொருளைப் பிறர் தடுத்தும் எடுத்தது பிழையே அல்லவா? பிழைதான். அதனை மறுப்பதற்கில்லை. வீமனும் அருச்சுனனும் தம்பியர் கிடந்த கோலத்தைக் கண்ட பின்னரும் பருகினர் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் பிழை என்பது வேறு. அப்பிழைக்கு உயிரே விலை என்பது வேறு. நீர் வேட்கையால் நாவறண்டவன் உருவமில்லாத ஒரு குரலை நம்பவில்லை என்பதற்கு மரணம் தகுந்த தண்டனை என்று அறநூல் எதுவும் கூறாது. இக்கதையும் அவ்வாறு கூறவில்லை என்பதற்குக் கதைக்குள்ளேயே சான்று இருக்கிறது. நால்வரும் எழுப்பப்படுகின்றனர். தண்டனையே நோக்கமாயின் அது திரும்பப் பெறப்பட்டிராது. எனவே நால்வரின் வீழ்ச்சியைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், சோதனையின் ஒரு பகுதியாகக் கொள்வதே பொருந்தும். அவர்கள் வீழ்ந்து கிடந்ததுதான் தருமனுக்கு வைக்கப்பட்ட வினா.

அறிவின் சோதனை என்னும் இரண்டாம் விளக்கமும் தனித்து நிற்கமாட்டாது. வினாக்களின் இடையே மேலான அறம் யாது என்று ஒன்று வருகிறது. கொடுமையின்மை என்ற பொருள்பட அதற்குத் தருமன் விடை கூறுகிறான். வாயால் கூறிய அவ்விடையைச் செயலால் மெய்ப்பிக்கும் வாய்ப்பே ஒருவனைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன தருணம். கற்றதைக் கூறுவது எளிது. இழப்பு நேரும்போது கற்றதன்படி நிற்பது அரிது. தருமன் வீமனைக் கேட்டிருந்தால், அதுவரை கூறிய விடைகள் அனைத்தும் மனப்பாடம் என்று ஆகியிருக்கும். எதிரே நிற்பவன் தன் தந்தை என்பது அப்போது அவனுக்குத் தெரியாது. ஆகவே தந்தையை மகிழ்விக்க அவ்வாறு கேட்டான் என்றும் கூற இயலாது.

அவன் கேட்டது யாரை? மாத்திரியின் மக்கள் இருவருள் நகுலனை. அவன்தான் முதலில் நீர் தேடி வந்தவன். எல்லாரினும் குறைவாக அறிந்து வீழ்ந்தவன். தருமன் இதை எண்ணிக் கேட்டான் என்று நூல் கூறவில்லை. ஆயினும், சோதனையில் நேர்ந்த குறையை வென்றவனின் வேண்டுகோள் நிறைவு செய்தது என்று வாசகர் கொள்வதற்கு இடம் இருக்கிறது.

வில்லியார் காட்டும் வேறு வழி

இதே கதையைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார் நச்சுப் பொய்கைச் சருக்கத்தில் வேறொரு பின்னணியை அமைக்கிறார். துரியோதனன் காளமாமுனிவனைக் கொண்டு கொலை வேள்வி செய்விக்கிறான். அவ்வேள்வியில் எழுந்த பூதம் பாண்டவரைக் கொல்ல வருகிறது. அதனை முன்னறிந்த அறக்கடவுளே நஞ்சுப் பொய்கையை அமைத்துப் பாண்டவரை அங்கு ஈர்க்கிறான். உயிரற்றவராகக் கிடந்தவர்களைக் கண்ட பூதம், தன்னை ஏவியவனிடமே திரும்பிச் சென்று அவனைக் கொல்கிறது.

இங்கே பொய்கை சோதனைக்களம் என்பதைவிடப் பாதுகாப்புக் கோட்டை ஆகிவிடுகிறது. வீழ்ந்தவர் தோற்றவர் அல்லர், வீழ்ந்ததனால் காக்கப்பட்டவர். நிகழ்ச்சி ஏறத்தாழ ஒன்றே. பொய்கை, நஞ்சு, வீழ்ந்த தம்பியர், வினவும் குரல், உயிர்பெறுதல் யாவும் இரண்டிலும் உள்ளன. ஆனால் வீழ்ச்சிக்குப் பொருள் தலைகீழாக மாறிவிடுகிறது. வில்லியாரின் செயலிலிருந்து நாம் அறியவேண்டியது ஒன்றுண்டு. தோல்வி என்னும் சொல் நிகழ்ச்சியில் எழுதப்பட்டிருப்பதில்லை. அதனைப் பார்ப்பவர் எழுதுகின்றனர். எழுதும் முன் சோதித்தவனின் நோக்கத்தைக் கேட்கவேண்டும்.

சொல்பவரின் பொறுப்பு

இவ்வினா பழங்கதையோடு முடிவதன்று. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டை வெளியிட்டனர். மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் வீரராகவும் மந்திரவாதியாகவும் தம்மைக் கற்பனை செய்துகொண்டு, நடுவர் ஒருவர் விரிக்கும் கதைக்குள் நடக்கவேண்டும். நடுவர் கையில் அச்சிட்ட கதைநூல் இருக்கும். 1978-இல் வெளிவந்த டூம் ஆஃப் ஹாரர்ஸ் என்னும் நூலில், கல்லறைப் பாதையின் தரையில் ஒரு புதிர்ப்பாட்டு வரையப்பட்டிருக்கும். அதனைத் தவறாகப் பொருள் கொண்டவருக்குக் காத்திருப்பது சாவு. இத்தகைய நூல்களில் சில இடங்களில் சோதனை இருக்கும். எதைச் செய்தால் வெற்றி என்பது தெளிவாக இராது. அப்போது நடுவர் என் செய்வது? நூலில் இல்லை என்று கூறி ஆடுவோரை வீழ்த்துவதா? நூலின் நோக்கத்தை ஊகித்து வழிகாட்டுவதா? நம் பாரதக் கதைசொல்லிகளுக்கு இருந்த சிக்கலும் இதுவே.

பேராக்கின் இரப்பர்த் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்தபோது கதைகளும் உடன் வந்தன. பெரிய எழுத்துப் புத்தகமாகச் சில வந்தன. நாவிலேயே பல வந்தன. சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா வட்டாரத் தோட்டங்கள் பலவற்றில் இன்று பால்மரம் இல்லை. செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் அவ்விடங்களை நிரப்பிவிட்டன. லயங்கள் போயின, கதைகள் போகவில்லை. அக்கதையைச் சொன்ன பாட்டியோ கோயில் திண்ணைப் பெரியவரோ குரலின் தொனியைத் தாமே முடிவு செய்யவேண்டியிருந்தது. இயக்கனின் குரல் அதட்டலா, அன்பான தடுப்பா? நூல் கூறவில்லை. அதட்டலாகச் சொன்னால், கேட்கும் குழந்தை அதிகாரத்துக்கு அஞ்சக் கற்கும். தடுப்பாகச் சொன்னால், நின்று கேட்கக் கற்கும். ஒரே கதை; சொல்பவர் தொனியால் வேறு வேறு அறம்.

இதனால் யாரும் எப்படியும் பொருள் கூறலாம் என்று ஆகிவிடாது. விளக்கத்திற்கு எல்லை உண்டு. தருமன் வீமனைக் கேட்டான் என்று நாம் மாற்றமுடியாது. தடை சொல்லப்படவே இல்லை என்றும் கூறமுடியாது. நூல் சொன்னதைக் காத்து, நூல் சொல்லாத இடத்தில் மட்டுமே நம் அறிவுக்கு இடம். பொய்கைக் கதையிலேயே இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. செல்லத்தக்க வழி யாது என்ற வினாவுக்கு, தருக்கம் நிலையற்றது, மறைகள் வேறுபடுகின்றன, அறத்தின் உண்மை குகையினுள் மறைந்துள்ளது, பெரியோர் சென்ற வழியே வழி என்ற கருத்தில் தருமன் விடை கூறுகிறான். ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளையும் கோப்பெங் அருகே உள்ள தெம்புரோங் குகையையும் கண்டவர்க்கு இவ்வுவமை நன்கு விளங்கும். குகைக்குள் விளக்கின்றிப் போகமுடியாது. விளக்கு காட்டுவதும் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தைத்தான். ஆயினும் சுவர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும். நாம் விரும்பும் இடத்திற்கு அது நகராது.

நம் நாட்டில் கேட்ட குரல்

விதி தெளிவற்ற சோதனை கதையில் மட்டும் வருவதாயின் இவ்வளவு எழுதவேண்டியதில்லை. 1957-இல் நடைமுறைக்கு வந்த கூட்டரசு அரசியலமைப்பு, விடுதலை நாளுக்கு முன் இம்மண்ணில் பிறந்தோர் பதிவின்வழிக் குடியுரிமை கோருவதற்கு மலாய்மொழியில் தொடக்கநிலை அறிவு வேண்டும் என்றது. இயல்புரிமை முறையில் கோருவோர்க்குப் போதிய அறிவு வேண்டும் என்றது. ஒரு நாட்டின் குடிமகன் அந்நாட்டு மொழியை அறியவேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பே. அதனை எவரும் குறைகூற இயலாது. ஆனால் தொடக்கநிலை என்பது எவ்வளவு? போதியது என்பது எதுவரை? அச்சொற்களுக்குள் அளவுகோல் இல்லை. கேட்பவர் மனத்தில்தான் இருக்கிறது.

இருட்டோடு எழுந்து பிரட்டுக்குச் சென்று, பால்வெட்டி, பால்வாளி சுமந்து வாழ்ந்த ஒரு மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். தோட்டத்திற்குள் அவருக்குத் தேவைப்பட்ட மொழி தமிழ். கங்காணி தமிழ் பேசினார். கிராணி தமிழ் பேசினார். கடைக்காரரும் தமிழ் பேசினார். தோட்டத்தின் அமைப்பே அவரை மற்ற மொழிகளிலிருந்து பிரித்து வைத்தது. பின்னர் ஒரு நாள் மேசைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வினாக் கேட்கிறது. எந்த விடை போதும் என்பது அவருக்குத் தெரியாது. விடை போதவில்லையெனில் எத்தனை ஆண்டுகள் சிவப்பு அடையாள அட்டையோடு வாழவேண்டும் என்பதும் தெரியாது. 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை அனுமதி வேண்டும் என்றானபோது, அந்த விடையின் விலை பலருக்கும் விளங்கிற்று. பல்லாயிரவர் கப்பலேறினர். நகுலனைப்போலவே அவர்களுக்கும் தடை தெரிந்திருந்தது. தண்டனை பின்னரே தெரிந்தது.

அவர்கள் தோற்றனர் என்று கூறுவோர் நம்மிடையேயும் உண்டு. முன்னரே விண்ணப்பித்திருக்கலாமே, மொழியைக் கற்றிருக்கலாமே என்பர். கற்றிருக்கலாம். ஆனால் இது நான்கு உடல்களையும் கண்ட பின் வந்தவரின் அறிவு. பின்னால் வந்தவர் முன்னால் வீழ்ந்தவரைப் பார்த்து அறிவிலி என்பது எளிது. அவ்வாறு கூறுபவர், வீழ்ந்தவரின் உடலால்தான் தாம் எச்சரிக்கை பெற்றோம் என்பதை மறந்துவிடுகின்றனர்.

சோதிப்பவருக்குரிய அறம்

சோதனையே கூடாது என்பது நம் கருத்தன்று. திருக்குறள் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்து, ஒருவரைப் பணிக்கு அமர்த்துமுன் ஆராய்ந்து அறிவதை வலியுறுத்துகிறது. ஆராயாமல் நம்புவதால் வரும் துன்பத்தையும் அது எடுத்துரைக்கிறது. சோதனையில்லாத இடத்தில் தகுதிக்கும் தகுதியின்மைக்கும் வேறுபாடு இராது. ஆனால் சோதிக்கும் உரிமை உடையவர்க்குக் கடமையும் உண்டு. பொய்கைக் கதையைக் கொண்டே அதனை வகுக்கலாம்.

சோதிப்பவர் தாம் யார் என்பதைக் கேட்டால் கூறவேண்டும். தருமன் கேட்டபோது இயக்கன் வெளிப்பட்டான். தவறினால் நேர்வதை முன்னரே கூறவேண்டும். நகுலனிடம் அது கூறப்படவில்லை, அதனால்தான் அவன் வீழ்ச்சி நம் மனத்தை இன்றும் உறுத்துகிறது. நேர்ந்த தீங்கைத் திரும்பப் பெறும் ஆற்றலும் மனமும் இருக்கவேண்டும். நால்வரையும் எழுப்பியதனால்தான் அவன் அறக்கடவுள். எழுப்பாது போயிருந்தால், நீர்நிலையைக் காத்து வழிப்போக்கரைக் கொல்லும் வெறும் இயக்கனாகவே நம் நினைவில் நின்றிருப்பான்.

கதையைக் கேட்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. ஒருவர் வீழ்ந்தார் என்று கேள்வியுற்றவுடன், அவருக்கு என்ன தெரிந்திருந்தது என்று முதலில் கேட்கவேண்டும். எனக்குத் தெரிந்தது எது, அவருக்குத் தெரிந்தது எது என்று பிரித்துப் பார்க்காமல் தீர்ப்புக் கூறலாகாது. நூல் சொன்னதை மாற்றாமல், அது சொல்லாமல் விட்ட இடத்தில் கொடுமையற்ற பொருளையே கொள்ளவேண்டும். கொடுமையின்மையே மேலான அறம் என்று அக்கதையின் நாயகனே கூறியிருக்க, அக்கதையைக் கொண்டே பிறரைக் கொடுமையாக மதிப்பிடுவது முரண்பாடு ஆகும்.

தருமன் வென்றதால் அரசு பெற்றான் என்று கதை முடியவில்லை. அவன் வென்றதும் செய்த முதற்செயல் பிறனொருவனுக்கு உயிர் கேட்டது. தேர்விலும் தொழிலிலும் குடியுரிமையிலும் வென்ற தலைமுறை ஒன்று இன்று ஈப்போவிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழ்கிறது. ஆவணமின்றியும் அட்டையின்றியும் தவிப்போர் இன்னும் நம்மிடையே உள்ளனர். படிவம் நிரப்பத் தெரிந்தவர் ஒருவர், தெரியாத ஒருவருக்காக ஒரு காலைப்பொழுதைச் செலவிடலாம். மேசைக்கு அப்பாலிருந்து வரும் வினா இன்னதென்று முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கலாம். நகுலனுக்குக் கிடைக்காத எச்சரிக்கையை இன்று பொய்கைக் கரைக்கு வருபவர்க்கு நாம் கொடுக்கமுடியும்.